நாயை அவிழ்த்து விடாதீர்கள்! புதரில் பாம்பு!

சென்னை புறநகரில் ஏரிக்கரைப் பக்கம் நாயோடு நடப்பவர்கள் பலர். வீடுகள் தாண்டியதும் சங்கிலியை அவிழ்த்து விடுகிறார்கள். "கொஞ்சம் ஓடட்டுமே" என்கிறார்கள்.

அங்கேதான் ஆபத்து!

நாய்க்கு மூக்குதான் கண். பொந்தைக் கண்டால் மூக்கை நுழைக்கும். பாம்பைக் கண்டால் ஒதுங்காது, குரைத்து மறிக்கும். கடி முகத்திலோ முன்னங்காலிலோ விழும். சங்கிலி கையில் இருந்தால் இழுத்து விடலாம். புல் மண்டிய இடத்தில், இருட்டு வேளையில் போகவே வேண்டாம்.

மருந்து உண்டு

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த 4 பாம்புகளின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான். அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள், மாமல்லபுரம் ரோட்டில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவு சங்கத்தார். 1978-ல் தொடங்கிய சங்கம் அது. மனிதனுக்குப் போடும் அதே மருந்தைத்தான் நாய்க்கும் போடுகிறார்கள்.

மந்திரம் வேண்டாம். கத்தியால் கீற வேண்டாம். கயிறு கட்ட வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

ஓடிய இடத்தில் "மருந்து ஸ்டாக் இல்லை" என்றால் என்ன செய்வது? புறநகர் கால்நடை ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இந்த மருந்து எந்நேரமும் இருக்கும்படி அரசு செய்ய வேண்டும்.

ராத்திரி முழுக்க நம் வாசலைக் காக்கிற ஜீவன். அதற்கு இதுகூடவா செய்யக்கூடாது?