ஜல்லிக்கட்டை போன்ல எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை

தை பொறந்தா நம்ம பக்கம் ஆத்தூர் கூலமேடு, எருமப்பட்டி அலங்காநத்தம்னு வாடிவாசல் திறக்க ஆரம்பிச்சிடும். இப்பல்லாம் மாட்டைப் பிடிக்க வர்ற கையை விட போனைப் பிடிச்ச கைதான் அங்க அதிகம். நெஞ்சுல கட்டிக்கற சின்ன கேமரா கூட சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. இதெல்லாம் எதுக்குனு பெரியவங்க சில பேரு திட்டறாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எடுங்க. ஆனா இப்ப எடுக்கற மாதிரி எடுக்காதீங்க.

2014 மே 7-ல சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது ஞாபகம் இருக்குமே. விலங்கு நல வாரியம் கொடுத்த அறிக்கையும் போட்டோவும் அந்த வழக்குல பெரிய சாட்சி. வாலைக் கடிக்கறாங்க, முறுக்கறாங்க, கண்ணுல எரியறதைத் தேய்க்கறாங்கனு அதுல இருந்துச்சு. நாம பிள்ளை மாதிரி வளர்க்கறோம்னு சொன்னோம். அது நெசந்தான். ஆனா கோர்ட்டுல வாய்ப்பேச்சு வேற, படம் வேற.

அப்புறம் 2017 ஜனவரியில பசங்க மெரினாவுல உட்கார்ந்தாங்க, சட்டம் வந்துச்சு. 2023 மே 18-ல அஞ்சு நீதிபதிங்க சேர்ந்து அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிட்டாங்க. அதோட முடிஞ்சுதுனு நினைக்கக் கூடாது. விதிப்படி நடத்தினாத்தான் இது நிலைக்கும். திமிலைத்தான் பிடிக்கணும், வாலையோ கொம்பையோ தொடக் கூடாது.

இப்ப வர்ற வீடியோவைப் பாருங்க. ஆளைத் தூக்கி வீசற பத்து செகண்டை வெட்டி எடுத்து, சினிமாப் பாட்டைப் போட்டு விட்டுடறாங்க. வெளியூர்க்காரன் அதைப் பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்? டாக்டர் மாட்டைச் சோதிக்கறது, வரிசையில நிக்கற மாட்டுக்குத் தண்ணி காட்டறது, ஓடி முடிச்ச மாட்டைக் கவுறு போட்டுப் பிடிக்கறது, இதுல ஒண்ணும் வர்றதில்லை. அவிழ்த்த மாடு மிரண்டு ஓடிக் கிணத்துல விழுந்த சேதியெல்லாம் பேப்பர்ல படிக்கறோம். அந்த இடத்துக்கும் ஒரு கேமரா வேணும்.

இதுக்கு ஒசந்த கேமரா தேவையில்லைங்க. கோப்ரோ கேமராவை ஆரம்பிச்ச நிக் வுட்மன், கடல்ல அலைச்சறுக்கு ஆடறப்ப தன்னைப் படம் எடுக்கணும்னுதான் அதைச் செஞ்சாரு. 2004-ல வந்த முதல் கேமரா வெறும் பிலிம் கேமரா, கையில கட்டிக்கறது. உங்க சாதா போன் அதை விட எவ்வளவோ மேல். போனைப் படுக்க வெச்சுப் பிடிங்க. செட்டிங்ல 60 பிரேம் இருந்தா அதை வைங்க. மெதுவா ஓட்டிப் பார்த்தா கை திமில்ல இருந்துச்சா, வால்ல இருந்துச்சானு தெரியும். ஜூம் பண்ணாதீங்க, புள்ளி புள்ளியா ஆயிடும். வாட்ஸ்அப்ல அனுப்பினா படம் சுருங்கிடும். அதனால அசல் பைலை அழிக்காம வைங்க.

ஆனா தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு எடுங்க சாமி. ஜல்லிக்கட்டுல செத்தவங்கள்ல வேடிக்கை பார்க்க வந்தவங்களும் மாட்டுக்காரங்களும் உண்டு. மாடு வந்து சேர்ற இடத்துல, கண்ணைப் போன்ல வெச்சுக்கிட்டு நடுவுல நிக்கறது வீரம் இல்லை. திரையில மாடு தூரமாத்தான் தெரியும். நிமிர்ந்து பார்க்கறதுக்குள்ள கொம்பு வந்துடும். களத்துல இறங்கற தம்பிகளும் நெஞ்சுல வார் போட்டுக் கேமரா கட்ட வேண்டாம். கொம்பு அதுல மாட்டினா விடுவிக்க முடியாது.

விழா முடிஞ்சதும் முழுப் படத்தையும் ஒரு மெமரி கார்டுல போட்டு விழாக் கமிட்டிகிட்ட கொடுங்க. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா ஊரு பதில் சொல்ல அது இருக்கும். நம்மாளுங்க யாராவது வாலை முறுக்கியிருந்தா அதுவும் அதுல தெரியும். வெளியாளு காட்டறதுக்கு முன்னாடி நாமளே பார்த்து, அடுத்த வருஷம் அவனைக் களத்துல விடாம இருக்கலாம்.