சிற்றில் கட்டும் வயது

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் சிறுவர்கள் மூன்று கால்களையுடைய சிறுதேரை உருட்டி விளையாடுகின்றனர். அத்தேரை இழுக்கக் குதிரை இல்லை. கையில் இல்லாததை மனத்தில் படைத்துக்கொள்ளும் குழந்தைக்கு அது குறையும் அன்று. ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டின் பெயரையே பெற்றன. (சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்கும் உரிமை ஆண் குழந்தைக்கு வழங்கப்பட்டது ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது.)

அந்த மதிப்பு இன்று எங்கே? மழலையர் வகுப்பிலிருந்து திரும்பும் குழந்தையிடம், “இன்று என்ன எழுதினாய்?” என்றே வீடு கேட்கிறது. “என்ன விளையாடினாய்?” என்று கேட்பவர் அரியர். விளையாட்டு, படிப்பைத் திருடும் பொழுதாகக் கருதப்படுகிறது. இக்கருத்து பிழையானது.

திண்ணையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கடை வைக்கிறாள் எனக் கொள்வோம். மணல் அரிசியாகிறது, கொட்டாங்கச்சி படியாகிறது, பூவரசிலை பத்து ரூபாயாகிறது. இலை இலையாகவே இருக்க, அதன் பொருள் மட்டும் மாறிவிடுகிறது. குச்சியைக் குதிரையாக்கும் குழந்தை, பொருளிலிருந்து அதன் கருத்தைப் பிரித்தறியத் தொடங்குகிறது என்றார் உருசிய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934). ‘அ’ என்னும் வரிவடிவம் ஓர் ஒலிக்காக நிற்கிறது என்பதை உணரவும் இதே ஆற்றல்தான் வேண்டும். ஆகவே இலையைப் பணமாக்கும் குழந்தை எழுத்தறிவை நோக்கியே நடக்கிறது.

கடைக்கு விதிகளும் உண்டு. விற்பனைக்கு வைத்த பொரிகடலையைக் கடைக்காரி தின்றுவிடக் கூடாது. அதட்டலுக்கு அடங்காத கை, ஏற்ற வேடத்திற்கு அடங்குகிறது. ஊசிக்கு அஞ்சி அழுத பிள்ளை, மறுநாள் மரப்பாச்சிக்கு ஊசி போட்டு, “வலிக்காது, கண்ணை மூடிக்கொள்” என்று தேற்றுவதையும் வீடுகளில் காணலாம்.

பெற்றோரின் கவலையை அறியாமை என்று தள்ளிவிடவும் இயலாது. எழுத்தறியாமல் முதல் வகுப்பில் நுழையும் குழந்தை பின்தங்கிவிடுமோ என்னும் அச்சம் இயல்பானதே. எனினும், எழுத்துக்கு விளையாட்டு பகையன்று. கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டும், விலைப்பட்டியல் வேண்டும். அங்கே எழுத்து தானே தேவையாகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்வியை விளையாட்டின் வழியே அமைக்கச் சொல்கிறது. ஏட்டில் உள்ள அக்கருத்து வகுப்பறைக்கு வந்துசேர வேண்டும்.

பெரியவர்கள் செய்யும் தவறு மற்றொன்று உண்டு. கடைக்குள் புகுந்து, “மூன்றும் நான்கும் எத்தனை? சொல்!” என்று வினவினால் கடை மறைந்து தேர்வுக்கூடம் தோன்றிவிடும். மாறாக, வாடிக்கையாளராக வந்து நிற்கும் தாத்தா, “பத்து ரூபாய் கொடுத்தேனே, மீதி எங்கே?” என்றால், கடைக்காரி தானே விரல்விட்டு எண்ணுவாள். விலையுயர்ந்த நெகிழிச் சமையற்கருவிகளும் இதற்குத் தேவையில்லை. அவை அடுப்பாக மட்டுமே இருக்கும். கொட்டாங்கச்சியோ படியாகும், தராசாகும், நாளை படகுமாகும்.

வேண்டுவன ஒரு மூலை, ஒரு பழஞ்சேலை, சில வெற்றுப் பெட்டிகள், யாரும் குறுக்கிடாத அரைமணி நேரம் ஆகியனவே. அழைத்தால் பெரியவர் கடைக்கு வர வேண்டும். வந்தவர் எதையேனும் வாங்காமல் போகக் கூடாது.