பார்க்க ஒண்ணுமில்லையாம்!

ஆவணித் தபசுக்குக் கரிவலம்வந்தநல்லூர் போயிருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையனும் லீவில் வந்திருந்தான். “போன மாசம் கே.ஜி.எஃப். போனோம் மாமா. சினிமாவைப் பாத்து ஏமாந்ததுதான் மிச்சம். பாக்க ஒண்ணுமே கிடையாது. சுரங்கத்தைப் பூட்டிப் போட்டிருக்காங்க. மண்ணு மேட்டுல ஏறி நாலு செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிட்டோம்” என்றான்.

அவனைத் திட்டத் தோன்றவில்லை. ‘ஒண்ணுமில்லை’ என்று முடிவு கட்டுவது எங்கள் ஊருக்குப் பழைய வியாதி.

அதிவீரராம பாண்டியனும் வரதுங்கராம பாண்டியனும் தமிழ் வளர்த்த மண் இது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடி தேடி இங்கே வந்தார். பாண்டியர் வீட்டு ஏடுகள் எங்கே என்று கோயில் தேவஸ்தானத்தில் விசாரித்தார். அவை குப்பையாகக் கிடந்தனவாம். நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டாகிவிட்டதாம்! சாஸ்திரப்படிதான் செய்தோம் என்று பெருமை வேறு. ‘என் சரித்திர’த்தில் அவர் வேதனையோடு எழுதியிருக்கிறார். என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக்கூட ஆளில்லை.

இப்போது கோலார் தங்க வயலுக்கு வாருங்கள். ‘ஒண்ணுமில்லாத’ அந்த ஊரில் என்னதான் இருக்கிறது?

1880-ல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே கால் வைத்தது. சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-ல் மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் மின்சாரம்! வெளிச்சம் முதலில் யாருக்காக வந்தது? மனிதனுக்காக அல்ல, தங்கத்துக்காக.

தோண்டியவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து போன தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையைத் தொட்டால் கை வெந்துவிடும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. தப்பியவர்களில் பலருக்குத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ். எடுத்த தங்கம் 800 டன் என்கிறார்கள். எடுத்தவன் குடியிருந்தது ஒற்றை அறை லைன் வீட்டில்.

அந்த வீடுகளில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகையைத் தாங்கிப் பிடித்தார்கள். பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு, 1926-ல் ஜி. அப்பாதுரையார் அதே ‘தமிழ’னைத் தங்க வயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகங்களாக அச்சிட்டது. பிற்பாடு 1999-ல் அயோத்திதாசர் சிந்தனைகள் பெரும் தொகுதிகளாக வெளிவந்தது எங்கே? எங்கள் பாளையங்கோட்டையில்!

யோசித்துப் பாருங்கள். ராஜா வீட்டு ஏட்டை நாங்கள் நெய் ஊற்றி எரித்தோம். சுரங்கக் கூலிக்காரன் தன் கூலியில் மிச்சம் பிடித்துப் புத்தகம் போட்டான். தமிழ் வளர்த்தவன் யார்?

இன்னொன்றும் சொல்கிறேன். 1965-ல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இதே சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் பிடித்தார்கள். உலகத்தில் அதற்கு முன்பு எங்கும் இல்லை. நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் கட்டுப்படியாகவில்லையாம். சரி, மனிதர்கள்? அதற்குக் கணக்கு எழுதுகிற பேரேடு எந்த சர்க்காரிடமும் இல்லை.

பையன் ஏறி நின்று படம் எடுத்தானே, அது சாதாரண மண் மேடு இல்லை. சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. பலத்த காற்றடித்தால் அந்தத் தூசிதான் வீட்டுக்குள் வருகிறது, சோற்றிலும் விழுகிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, இந்த மேடுகளில் 13-ஐ மறுபடி சலித்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குச் சம்மதித்தது. ஆக, குப்பை மண்ணுக்குக்கூட மறுவாழ்வு உண்டு. அதைத் தோண்டிக் கொட்டியவனின் பேரப்பிள்ளைக்கு?

எனவே, போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். மண் மேட்டில் ஏறாதீர்கள். மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு விடிகாலையில் போய் நில்லுங்கள். சாப்பாட்டுப் பையோடு பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற கூட்டத்தைப் பாருங்கள். முடிந்தால் அதே ரயிலில் ஏறி உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். லைன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம், “ஐயா, நீங்க எந்த ஷாஃப்ட்ல இறங்குனீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நாள் பத்தாது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. மண்ணைச் சலிப்பதற்கு முன்னால் மனிதர்களைக் கேளுங்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கும் சங்க நோட்டீஸ், பழைய பத்திரிகை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பையனிடம் இவ்வளவும் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், “அடுத்த மாசம் மறுபடி போறேன் மாமா. நீங்களும் வாங்க” என்றான்.

போகிறேன். அந்த ஏடாவது எரியாமல் இருக்கட்டும்.