பள்ளி மேடையும் நம் பிள்ளைகளும்

பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடினால் கைதட்டுகிறோம். ஆனால் ஓர் ஆண்பிள்ளை நளினமாக ஆடிவிட்டால் அந்தக் கைதட்டலே கேலியாகிவிடுகிறது. மறுநாள் வகுப்பில் பட்டப்பெயர்; வீட்டில் அடி; கொஞ்ச நாளில் படிப்பும் நின்றுபோகிறது. மட்டாஞ்சேரியிலும் வாத்துருத்தியிலும் வாழும் நம் குடும்பங்கள் வாய்திறந்து பேசாத சங்கதி இது. பேசித்தான் ஆகவேண்டும்.

ஆடுகிற பையன்கள் எல்லாரும் திருநங்கையர் அல்லர். ஆனால் உடல் ஒன்றும் மனம் ஒன்றுமாகத் தவிக்கும் பிள்ளைக்கும், தன் பாலினத்தாரையே விரும்பும் பிள்ளைக்கும் அந்த மேடை ஐந்து நிமிட விடுதலை. முதல் அடி விழும் இடமும் அதுதான்.

கேரளப் பள்ளிக் கலைவிழா 1957 ஜனவரியில் நமக்கு அக்கரையிலுள்ள எறணாகுளத்தில் தொடங்கியது. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று பிரித்தே நடனப் போட்டிகள் நடந்துவந்தன. மோகினியாட்டம் கற்க ஆண்களையும் சேர்ப்பது என்று கேரள கலாமண்டலம் முடிவெடுத்ததே 2024-ல்தான்!

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் இளம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தஞ்சை கிட்டப்பா பிள்ளை அவரைச் சீடராக ஏற்றார். 2019-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. ஓர் ஆசான் கதவைத் திறந்ததால் ஒருவர் உயர்ந்தார். கதவு திறக்காதவர்கள் எங்கே? ரயில் பெட்டியில் கைதட்டிக் காசு கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அவர்களில் எத்தனை பேர் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவர்கள்!

சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். திருநர் உரிமையை உச்சநீதிமன்றம் 2014-ல் ஏற்றது. ஒருபால் உறவு குற்றமல்ல என்று 2018-ல் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சோடியாக வந்து ஆடும் விருந்து உண்டு. 1980-ல் ஆரன் பிரிக் என்ற மாணவர் ஆண் துணையோடு போக வழக்காடி வென்றார். முப்பது ஆண்டு கழித்து, 2010-ல், மிசிசிப்பியில் கான்ஸ்டன்ஸ் மக்மில்லன் என்ற மாணவி தன் தோழியோடு வரக் கேட்டபோது பள்ளி விருந்தையே ரத்து செய்தது. அவள் உரிமை மீறப்பட்டது என்றது நீதிமன்றம். பெற்றோர்களோ வேறிடத்தில் விருந்து நடத்தி அவளை ஒதுக்கினார்கள். நீதிமன்றம் தந்ததை ஊர்ப் பெரியவர்கள் பறித்தார்கள்!

இங்கேயும் அதே கதைதான். 2017-ல் கொச்சி மெட்ரோ திருநங்கையருக்கு வேலை கொடுத்தது. குடியிருக்க வீடு கிடைக்காமல் சிலர் வேலையை விட்டார்கள். "தமிழனுக்கு வீடில்லை" என்ற சொல்லைக் கேட்ட நமக்கு அந்த வலி தெரியாதா?

ஆகவே நாம் செய்யவேண்டியவை மூன்று. நம் சங்கத்தின் பொங்கல் மேடையில் எந்தப் பிள்ளை எந்த ஆட்டம் ஆட விரும்பினாலும் இடம் தரவேண்டும். கேலி செய்பவரை அங்கேயே கண்டிக்கவேண்டும். பள்ளியில் துன்புறுத்தல் நடந்தால் பெற்றோர் தனியாகப் போய் நிற்காமல் சங்கத்தோடு சேர்ந்து போய்க் கேட்கவேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையின் படிப்பை நிறுத்தக்கூடாது.

தோழர்களே, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். நம் பிள்ளை வீட்டைவிட்டு ஓடும்படி நாமே செய்யலாமா?