முன் ஃபோர்க் மாற்றுவதற்கு முன்

இன்றைய பாடம் சைக்கிள்.

என் அண்ணன் பேரன் பழைய ரோடு பைக் ஒன்று வாங்கினான். மாம்பழச் சாலை அருகே ஒரு பள்ளத்தில் இறங்கியதில் முன் ஃபோர்க் லேசாகப் பின்னால் வளைந்துவிட்டது. கடைக்காரர் ஒரு குழாயைச் செருகி நெம்பி நிமிர்த்தினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸை முப்பது வருடம் ஓட்டியவன் நான். அந்த இரும்பு ஃபோர்க்கை இப்படி எத்தனை முறை நிமிர்த்தியிருப்போம்! ஆனால் இவனுடையது அலுமினியம். பத்து நாள் கழித்து ஈரத்துணியால் துடைக்கும்போது, மேலே இரண்டு கால்களும் சேரும் இடத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். அதோடுதான் தினமும் காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையம் வரை போய் வந்திருக்கிறான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாத்தியார் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அலுமினிய ஃபோர்க் வளைந்தாலும், கார்பன் ஃபோர்க் பலமாக அடிபட்டாலும் மாற்றிவிடுங்கள். யாரோ ஓட்டிக் கழித்த கார்பன் ஃபோர்க்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவே வாங்காதீர்கள். அது சொல்லிக்கொண்டு உடையாது.

ஹேண்டில் ஆடுகிறது என்பதற்காக மட்டும் ஃபோர்க் வாங்குவது வீண். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக் டக் என்றால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டயர் காற்று, ரிம் கோட்டம் இரண்டையும் பாருங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் அழகைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். சக்கர நாற்காலியைத் தள்ளினால் அதன் சிறு சக்கரங்கள் தாமாகவே போகும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது சுழலும் அச்சுக்குப் பின்னால் இருப்பதுதான் காரணம். சைக்கிளிலும் ஹேண்டில் தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளிக்கு டிரெய்ல் என்று பெயர். கூடினால் வண்டி நேராகப் போகும், குறைந்தால் சட்டென்று திரும்பும்.

ஹெட் டியூப் கோணம் 73 டிகிரி, ஃபோர்க் ஆஃப்செட் 45 மி.மீ. என்றால் 700 அளவுச் சக்கரத்துக்கு டிரெய்ல் சுமார் 57 மி.மீ. ஆஃப்செட்டை 50 ஆக்கினால் டிரெய்ல் சுமார் 52 ஆகிவிடும். ஃபோர்க் வளைவு கூடினால் வண்டி நிதானமாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு நேர் எதிர்!

உயரமும் அப்படித்தான். ரோடு ஃபோர்க் அச்சிலிருந்து மேல்முனை வரை சுமார் 370 மி.மீ. இருக்கும். 20 மி.மீ. கூடினாலே கோணம் ஒரு டிகிரி சாயும். பேரன் ஆசைப்பட்ட சஸ்பென்ஷன் ஃபோர்க் அதைவிட மூன்று அங்குலமாவது உயரம். வண்டி பின்னங்காலில் உட்கார்ந்த நாய் மாதிரி ஆகிவிடும். வேண்டாமென்றேன்.

பந்தயக்காரர்களுக்குச் சட்டென்று திரும்பும் வண்டி தேவைப்படலாம். ஆடிக் காற்றில், பக்கத்தில் பஸ் உரச, காவிரிப் பாலத்தில் போகிறவனுக்கு எதற்கு? பழைய ஃபோர்க்கின் ஆஃப்செட்டையே கேட்டு வாங்கினோம். 28 மி.மீ. டயர் நுழைய இடம் இருக்கிறதா, பிரேக் ரிம்மை எட்டுகிறதா, தண்டின் கனம் பொருந்துகிறதா என்று மூன்றையும் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கடைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

நேற்று பாலத்தில் இரண்டு கையையும் விட்டு ஓட்டியதாகப் பேரன் பெருமையாகச் சொன்னான். நன்றாகத் திட்டினேன்.