சுத்தமான நகரங்களும் சோம்பலான கட்டுரைகளும்

சில வாரங்களுக்கு முன் ஓர் இலக்கிய இதழில் வெளிவந்த பயணக் கட்டுரை ஒன்றை வாசிக்க நேர்ந்தது. எழுதியவரின் பெயர் இங்கு முக்கியமில்லை. இதழின் பெயரும் வேண்டாம். அந்தக் கட்டுரையை நாம் அனைவருமே குறைந்தது ஐம்பது முறை வாசித்திருக்கிறோம். விமானம் தரையிறங்குகிறது. சாலைகள் பளபளக்கின்றன. ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை. கட்டுரையாளர் கையில் ஒரு சாக்லேட் காகிதம். குப்பைத்தொட்டி கண்ணில் படும்வரை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடக்கிறார். அந்தக் கணத்தில் அவருக்குச் சென்னை நினைவுக்கு வருகிறது. ஒரு பெருமூச்சு. "நமக்கு எப்போது இந்த ஒழுக்கம் வரும்?" என்ற கேள்வியுடன் கட்டுரை முடிகிறது. சிங்கப்பூர், டோக்கியோ, ஜூரிச், ஆம்ஸ்டர்டாம் என்று நகரத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். வேறொரு வரியையும் திருத்த வேண்டியதில்லை.

இவ்வகைக் கட்டுரையைக் கேலி செய்வது எளிது. எங்கள் குற்றச்சாட்டு கேலியோடு முடிவதல்ல. இந்தக் கட்டுரை பொய் சொல்கிறது. அந்தப் பொய்யால் இங்கே சிலர் பாதிக்கப்படுகிறார்கள். இதைத்தான் சொல்ல வந்தோம்.

முதலில் எங்கள் பங்கை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நாங்கள் மூவர். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அலுவல் நிமித்தமும் சொந்தச் செலவிலும், சேர்ந்தும் தனித்தனியாகவும் பல நாடுகளுக்குப் போய் வந்திருக்கிறோம். 2004-ல் முதன்முறையாகச் சிங்கப்பூர் சென்று ஐந்து நாள் தங்கிவிட்டு வந்து, இன்று நின்றுபோய்விட்ட ஒரு சிற்றிதழில் கட்டுரை எழுதினோம். "இந்நகரில் ஒழுங்கு காற்றிலேயே கலந்திருக்கிறது" என்று அதில் ஒரு வரி வரும். நண்பர்கள் பாராட்டினார்கள். ஐந்து நாளில் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி வந்தது 2011-ல். மறுபடியும் சிங்கப்பூர் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். வாரம் முழுவதும் கட்டட வேலையில் இருப்பவர்கள் கூடும் நேரம். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பதினோரு ஆண்டுகளாக அங்கே இருப்பவர். நகரின் சுத்தத்தைப் பற்றி எங்களில் ஒருவர் வழக்கம்போல் வியந்தார். அவர் சிரித்தபடியே சொன்னார்: "ஊர்லேருந்து வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்கண்ணே. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்து பாருங்க."

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தோம். முந்தைய இரவு நாங்கள் நின்றிருந்த இடத்தில் பியர் டப்பாக்களும் காகிதக் கோப்பைகளும் சோற்றுப் பொட்டலங்களும் கிடந்தன. எந்த நகரத்திலும் கிடப்பவைதான். கையுறை அணிந்த வங்கதேச இளைஞர்கள் அவற்றைப் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி உணவங்காடியில் எழுபது வயதைக் கடந்த சீன மூதாட்டி ஒருவர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். திறந்த லாரிகளின் பின்புறத்தில் தொழிலாளர்கள் உட்கார்ந்தபடியே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விடுதியில் எட்டரை மணிக்குக் காலை உணவை முடித்துக்கொண்டு வெளியே வரும் பயணிக்கு, அந்த நகரம் தானாகவே சுத்தமாக இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 2004-ல் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஊர் திரும்பிய பிறகுதான் படிக்க ஆரம்பித்தோம். போவதற்கு முன் படித்திருக்க வேண்டும். சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் நம் கூவத்துக்குச் சற்றும் குறையாத சாக்கடையாக இருந்தது. 1977-ல் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கெடு விதித்தார். ஆற்றங்கரைகளில் இருந்த சுமார் 26,000 குடும்பங்கள் வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருக்கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அப்புறப்படுத்தப்பட்டன. சரக்குத் தோணிகள் 1983-ல் ஆற்றைவிட்டே அனுப்பப்பட்டன. 1987-ல் வேலை முடிந்தது. இதில் பெரும் நன்மை உண்டு. பலருடைய வாழ்வு வேரோடு பிடுங்கப்பட்ட துயரமும் உண்டு. இரண்டையும் ஒருவர் எடைபோட்டு எழுதலாம். ஆனால் "காற்றிலேயே கலந்திருக்கிறது" என்று எழுத முடியாது. பணமும் சட்டமும் வீடுகளும் கழிவுநீர்க் குழாய்களும் சேர்ந்து பத்தாண்டுகளில் செய்த காரியம் அது.

அந்தத் தொழிலாளர்களைப் பற்றி உலகம் பேசியது இரண்டே சந்தர்ப்பங்களில்தான். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்து, கலவரம் மூண்டபோது ஒருமுறை. 2020-ல் கொரோனாத் தொற்று தொழிலாளர் விடுதிகளில் பரவி, மூன்று லட்சம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தபோது இன்னொரு முறை. அந்த விடுதிகளில் தமிழர் பலர் இருந்தார்கள். அதற்கு முன் வெளியான நம் பயணக் கட்டுரைகளில் ஆர்ச்சர்ட் சாலை இருந்தது, விலங்குக் காட்சிச் சாலை இருந்தது, சூயிங்கம் தடை தவறாமல் இருந்தது. விடுதிகளைக் காண்பது அரிது.

டோக்கியோவுக்கு வருவோம். அங்கே தெருவில் குப்பைத்தொட்டியே இல்லை, குப்பையும் இல்லை. "ஜப்பானியர் இரத்தத்தில் ஊறிய குணம்" என்று எழுதாத தமிழ்ப் பயணி குறைவு. தொட்டிகள் அங்கே முன்பு இருந்தன. 1995 மார்ச்சில் சுரங்க ரயிலில் சரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தபின் பாதுகாப்புக்காகப் பல இடங்களிலிருந்து அகற்றப்பட்டவை அவை. அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. நமக்கு அதிகம் வேண்டியது அதுதான்.

1960-களில் டோக்கியோவின் குப்பையில் பெரும்பகுதி கிழக்கே கடலோரத்தில் உள்ள கோத்தோ வட்டாரத்தின் வழியாகப் போய்க் குவிந்தது. குப்பை கொட்டிய இடத்துக்கு "கனவுத் தீவு" என்று பெயர். 1965 கோடையில் அங்கிருந்து ஈக்கள் படையெடுத்து வந்து கோத்தோவாசிகள் சோற்றுத் தட்டைத் திறக்க முடியாமல் போயிற்று. மேற்கே வசதி படைத்தோர் வாழும் சுகினாமி வட்டாரத்திலோ, எரியூட்டும் ஆலை தங்கள் பகுதியில் வரக் கூடாது என்று எதிர்ப்பு. 1971-ல் ஆளுநர் மினோபே "குப்பைப் போர்" என்றே அறிவித்தார். அடுத்த இரண்டாண்டுகளில் கோத்தோவாசிகள் சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளை நடுச்சாலையில் மறித்தார்கள். உன் குப்பையை உன் வட்டாரத்திலேயே வைத்துக்கொள் என்பதே அவர்கள் கோரிக்கை. முடிவில் சுகினாமியிலும் ஆலை வந்தது.

கோத்தோ என்ற இடத்தில் கொடுங்கையூர் என்றும், கனவுத் தீவு என்ற இடத்தில் பெருங்குடி என்றும் வைத்து இதை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். வடசென்னைக்காரர்கள் தலைமுறைகளாகச் சுவாசித்துவரும் புகைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு விளங்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததும் நினைவுக்கு வரும். டோக்கியோவிலிருந்து நாம் இறக்குமதி செய்யத்தக்க சரக்கு ஏதேனும் உண்டு என்றால் அந்த லாரி மறியல்தான். நம் கட்டுரையாளர்கள் கொண்டுவந்ததோ, ஒரு குழந்தை காகிதத்தை மடித்துப் பையில் வைத்த காட்சி.

ஆம்ஸ்டர்டாமின் மிதிவண்டிகளைப் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும். 1971-ல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரில் பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அந்த மிதிவண்டிப் பாதை அத்தனை பிணங்களின் மீது போடப்பட்டது. அதன்மேல் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு "இவர்கள் இயற்கையை நேசிக்கிறார்கள்" என்று குறிப்பு எழுதுவது, இறந்த குழந்தைகளுக்குச் செய்யும் அவமரியாதை.

நண்பர்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: பயணி என்ன ஆய்வாளனா? அவன் கண்ணில் பட்டதை, மனதில் பதிந்ததை எழுதினால் போதாதா? புள்ளிவிவரம் வேண்டும் என்றால் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிக்கொள்ளலாமே?

நியாயமான கேள்வி. மனப்பதிவை நாங்கள் மறுக்கவில்லை. ஒரு நகரத்தில் முதல் நாள் மூக்கில் ஏறும் வாசனைக்கு ஈடான ஆவணம் கிடையாது. பத்து நாள் கழித்து அது பழகிவிடும், பிறகு எழுத முடியாது. ஆனால் "தெரு சுத்தமாக இருந்தது" என்பது மனப்பதிவு. "இவர்கள் ஒழுக்கமானவர்கள், நாம் ஒழுக்கமற்றவர்கள்" என்பது தீர்ப்பு. விசாரணை செய்யாமல் தீர்ப்பு வழங்கிவிட்டு, கேட்டால் "என் அனுபவம்" என்று சொல்லித் தப்பிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஏ.கே. செட்டியார் 1930-களின் பிற்பகுதியில் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தார். படம் 1940-ல் வெளிவந்தது. அவருடைய பயணக் கட்டுரைகளில் தன்னைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. தான் வியந்ததைவிடத் தனக்குச் சொல்லப்பட்டதை எழுதுவதில் அவருக்கு அக்கறை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரிக் கரையோரமாகவே பயணம் செய்து "நடந்தாய் வாழி காவேரி" எழுதினார்கள். விசா தேவைப்படாத பயணத்திலும் எவ்வளவு கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி. கேட்பதற்கு அவர்களுக்கு நேரம் இருந்தது என்பார்கள். கைப்பேசியைத் தன் முகத்தை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு நடப்பவருக்கும் அதே நேரம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தக் கட்டுரையின் இரட்டைப் பிறவி ஒன்றும் உண்டு. அதையும் விட்டுவிடக் கூடாது. "அங்கே எல்லாம் இருக்கிறது, பாசம் மட்டும் இல்லை. முதியவர்கள் பூங்காக்களில் தனியே அமர்ந்திருக்கிறார்கள்." இலண்டனைப் பற்றி நாங்களும் இப்படி எழுதியவர்கள்தான். எழுதிய நாளில் எங்களுள் ஒருவர் வசித்த அடுக்ககத்தில், இரண்டு பிள்ளைகளையும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு எதிர்வீட்டு அம்மா தினமும் மாலையில் படிக்கட்டில் தனியே உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் அஞ்சலகம் போய் அந்தக் கட்டுரையை அனுப்பினோம்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு வருகிறோம். "நமக்கு ஒழுக்கம் இல்லை" என்ற வாக்கியத்தில் வரும் அந்த "நமக்கு" யார்? கேட்பதற்குத் தன்னடக்கம் போல் இருக்கிறது. ஆனால் குற்றத்தை எல்லோர் தலையிலும் சமமாகப் பகிர்ந்துவிட்டால், ஒருவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்த ஊரில் குப்பை போடுபவரும் குப்பை அள்ளுபவரும் ஒரே "நாம்" அல்ல. அள்ளும் வேலை இன்ன சாதிக்கு என்று பிறப்பிலேயே ஒதுக்கி வைத்திருக்கும் சமூகம் இது. சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தபின்னும் சாவுகள் நிற்கவில்லை. இவற்றையெல்லாம் "ஒழுக்கம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறார் நம் பயணி.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு எதிரே தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இரண்டு மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துப் பதின்மூன்று நாள்கள் அமர்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்களின் கோரிக்கையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகளாக அயல்நகரங்களின் சுத்தத்தைப் பாடிவந்த எழுத்தாளர்களில் எத்தனை பேர் அந்த வாசலுக்குப் போய் நின்றார்கள்? சென்னையின் சுத்தத்தைப் பற்றி உண்மையாகவே ஒரு விவாதம் நடந்த இடம் அது. விமானக் கட்டணம் கிடையாது. சென்ட்ரலில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும்.

எங்களையும் சேர்த்தே கேட்கிறோம். எங்கள் மூவரில் ஒருவர் மட்டும், ஒரே ஒரு மாலை, போனார். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அங்கிருந்த ஒரு பெண்மணி, "உக்காருங்க சார், டீ வருது" என்று சொன்னாராம். அவர் உட்காரவில்லை. சிங்கப்பூரில் ஐந்து நாள் தங்கி ஆறு பக்கம் எழுதியவர்தான் அவரும்.