காசுக்கு அல்வா கொடுக்கும் கேம் கம்பெனிகள்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கேம் விமர்சனம் இல்லை. "எந்த கேம் நல்லாருக்கு"ன்னு தேடி வந்தவங்க மன்னிக்கணும். காசை வாங்கிக்கிட்டு, பொருளைக் கையில் கொடுத்த மாதிரி பாவ்லா காட்டிட்டு, நாலு வருசம் கழிச்சு சத்தமில்லாம பிடுங்கிட்டுப் போற பெரிய கம்பெனிகளைக் கொஞ்சம் கேள்வி கேட்கணும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

"கேமெல்லாம் பொடிப்பசங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?"ன்னு அடுத்த பதிவுக்குத் தாவப் போறவங்களும் ஒரு நிமிசம் நில்லுங்க. நீங்க காசு கொடுத்து வாங்கி வச்சிருக்கிற மின்புத்தகம், பாட்டு, சினிமா எல்லாத்துக்கும் இதே கதைதான். கேம் ஆடுறவனுக்கு அடி கொஞ்சம் முன்னாடியே விழுந்திருக்கு, அவ்வளவுதான்.

நமக்கு ஊரு ஆழ்வார்திருநகரி. பஸ் ஏறினா திருநெல்வேலி. அங்க காசு கொடுத்தா நிஜமாவே அல்வா கிடைக்கும். வாங்கின அல்வாவை வீட்டுக்குக் கொண்டு வந்தப்புறம் கடைக்கார அண்ணாச்சி வந்து திருப்பிக் கேட்க மாட்டார். இந்தக் கம்பெனிகள் கொடுக்கிறது வேற அல்வா :-)

பளபளன்னு ஒரு வட்டத் தகடு

யூபிசாஃப்ட் கம்பெனி 2014 டிசம்பரில் 'தி க்ரூ'ன்னு ஒரு கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்கா முழுக்க வண்டி ஓட்டிக்கிட்டே போகலாம். தனியாளா உட்கார்ந்து ஆடுறதுக்குன்னே ஒரு நீளமான கதையும் உண்டு. ஆனா தனியா ஆடினாலும் கம்பெனி சர்வரோட தொடர்பு இருந்தாத்தான் ஓடும்னு கட்டி வச்சிருந்தாங்க.

2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினாங்க. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை அணைச்சாங்க. அதோட ஆட்டம் க்ளோஸ். கடையில டிஸ்க்கா வாங்கினவன் கையில இப்ப இருக்கிறது பளபளன்னு ஒரு வட்டத் தகடு. வயல்ல குருவி விரட்டக் கட்டித் தொங்கவிடலாம். சரி, அதோடயாவது விட்டாங்களா? அடுத்த மாசமே, வாங்கினவங்க கணக்குலேர்ந்து அந்த கேமோட உரிமத்தையும் உருவிட்டாங்க. செத்த வீட்டுல பாயைப் பிடுங்குற மாதிரி.

2024 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ரெண்டு பேர் வழக்குப் போட்டாங்க. கம்பெனி தரப்பு பதில் என்ன தெரியுமா? நீங்க வாங்கினது கேமை இல்லை, அதைப் பயன்படுத்திக்க ஒரு வரம்புக்குட்பட்ட அனுமதியை மட்டும்தானாம். வழக்குப் போட்டவங்க சும்மா இருப்பாங்களா? டப்பாவோட வந்த ஆக்டிவேஷன் கோடை எடுத்துக் காட்டினாங்க. அதுல போட்டிருந்த காலாவதி வருசம் 2099!

ஏரல் கடைத்தெருவுல ஒரு பித்தளைக் குடம் வாங்குறீங்கன்னு வைங்க. பத்து வருசம் கழிச்சு கடைக்காரர் வீட்டுக்கே வந்து, "நான் குடத்தை விக்கல, தண்ணி பிடிச்சுக்க அனுமதிதான் கொடுத்தேன். இப்ப கடையை மூடுறேன், குடத்தைக் கொடும்வே"ன்னா என்ன செய்வீங்க? ஊரே கூடி நின்னு வேடிக்கை பாக்கும்லா? கேமுன்னா மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டு இருக்கோம்?

"சர்வருக்கு செலவாகாதா?"

இது வழக்கமா வர்ற கேள்வி. ஆகும். யார் இல்லைன்னது? ஆயுசு முழுக்க சர்வரை ஓட்டுங்கன்னு யாரும் கேட்கல. மூடிட்டுப் போறப்போ, வாங்கினவன் சொந்த மெஷினில் ஆடிக்கிற மாதிரி ஒரு கடைசி பேட்ச் கொடுத்துட்டுப் போங்கன்னுதான் கேட்கிறோம்.

நானும் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன்தான். அந்த மாதிரி சர்வர் பொதுவா மூணு வேலை பார்க்கும். ஒண்ணு, நீ காசு கொடுத்தவனான்னு சோதிக்கிறது. ரெண்டு, எதுவரைக்கும் ஆடியிருக்கேன்னு எழுதி வைக்கிறது. மூணு, கூட ஆடுறவங்களைச் சேர்த்து வைக்கிறது. கடையை மூடினப்புறம் முதல் வேலைக்கு அவசியமே இல்லை. ரெண்டாவதை நம்ம ஹார்ட் டிஸ்க்குல எழுதிக்கலாம். மூணாவதுக்கு, சர்வர் மென்பொருளைக் கொடுத்தா ஆடுறவங்களே நடத்திக்குவாங்க. தொண்ணூறுகள்ல வந்த 'க்வேக்' மாதிரி கேம்களை அப்படித்தானே ஆடினாங்க?

இது ஒரு ராத்திரியில முடியிற வேலைன்னு நான் ஜல்லியடிக்கல. அடுத்த கம்பெனிகிட்ட கடன் வாங்கின நிரல் உள்ளே இருக்கும், டேட்டாபேஸ் சிக்கல் இருக்கும். எல்லாம் கட்டி முடிச்சப்புறம் பிரிக்கிறது கஷ்டம்தான். அதனாலதான் ஆரம்பத்திலேயே திட்டம் போடுங்கன்னு சொல்றது. வீடு கட்டும்போதே கொல்லைப்புற வாசல் வைக்கிறது சுலபம். கட்டி முடிச்சுட்டு சுவரை உடைக்கிறதுதான் செலவு.

முடியாதுன்னு சொன்ன வாயாலேயே முடியும்னும் காட்டினாங்க பாருங்க, அதுதான் காமெடி. 'தி க்ரூ' மூடினதும் ராஸ் ஸ்காட் என்கிற யூட்யூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்'னு இயக்கம் ஆரம்பிச்சார். சத்தம் பெருசாச்சு. அந்த செப்டம்பரிலேயே 'தி க்ரூ 2'-வுக்கு ஆஃப்லைன் வசதி தருவோம்னு அதே யூபிசாஃப்ட் அறிவிச்சு, 2025-ல் கொடுக்கவும் செஞ்சது. தொழில்நுட்பம் திடீர்னு வானத்துலேர்ந்து குதிச்சதா? இல்லை. மனசிருந்தா மார்க்கமுண்டு. மனசு இல்லாதவங்களுக்கு சத்தம்தான் மார்க்கம்.

இன்னொரு உதாரணம். சோனியோட 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23-ல் வந்தது. யாரும் சீண்டல. செப்டம்பர் 6-ஆம் தேதியே மூடிட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தாங்க. ஆக, திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கு. ஆனா ஈ.ஏ. கம்பெனியோட 'ஆந்தம்' 2019-ல் வந்து 2026 ஜனவரி 12-ல் மூடப்பட்டது. நெட் இல்லாம ஆடவே முடியாத கேம் அது. வாங்கினவங்களுக்கு மிச்சம் பட்டை நாமம்.

ரேடியோவில் பாட்டைக் காணோம்

முழுசா மூடினாத்தான் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. 'ஜி.டி.ஏ. 4' 2008-ல் வந்தது. பாட்டுகளுக்கு வாங்கின உரிமம் பத்து வருசத்துல முடிஞ்சதாம். 2018 ஏப்ரலில் ஒரு அப்டேட் வந்து, காருக்குள்ள ஓடுற ரேடியோவிலேர்ந்து ஒரு கட்டுப் பாட்டை உருவிட்டுப் போச்சு. ஏற்கெனவே காசு கொடுத்தவனுக்கும் சேர்த்துத்தான். வீட்டு அலமாரியில இருக்கிற இளையராஜா கேசட்டை எடுத்து, நாலு பாட்டை மட்டும் அழிச்சுட்டு திரும்ப வச்ச மாதிரி.

'வைஸ் சிட்டி' ஆடாத பிரவுசிங் சென்டர் தமிழ்நாட்டுல இருந்திருக்குமா? 2021-ல் புதுப்பிச்ச பதிப்பு வர்றதை ஒட்டி, பழைய 'வைஸ் சிட்டி'யையும் அதோட அண்ணன் தம்பிகளையும் டிஜிட்டல் கடைகள்லேர்ந்து ராக்ஸ்டார் தூக்கிட்டது. புதுசு ஒரே ஓட்டை உடைசல். ஊரே காறித் துப்பினதும் மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டருக்கான பழைய பதிப்பைத் திரும்ப விற்பனைக்கு வச்சாங்க. இதுல பெரிய கொடுமை எது தெரியுமா? இந்தக் கூத்து எதுவும் திருட்டு சிடி வச்சிருந்தவனைப் பாதிக்கல. திருடினவன் நிம்மதியா ஆடுறான், காசு கொடுத்தவன் கம்பெனி வாசல்ல நிக்கிறான். இப்படி நடத்திட்டு "பைரசியை ஒழிப்போம்"னா யார் கேட்பா?

வெள்ளத்துல லாகின் கேட்டவன்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்க பக்கத்து ஆளுங்க யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட நின்னு போச்சு. தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டிப் போச்சு. நான் அப்போ ஊர்லதான் இருந்தேன்.

தண்ணி வடிஞ்சு கரண்ட் வந்துடுச்சு, நெட் மட்டும் வரல. சித்தி பையன், சின்னவன், பயந்து போய்க் கிடந்தான். சரி, கொஞ்ச நேரம் ஆடட்டும்னு லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தேன். பெரிய கம்பெனி ஒண்ணு வித்த கேம், பேர் வேண்டாம். தனியாள் ஆடுறது, முழுக்க ஹார்ட் டிஸ்க்குல இருக்கிறது. திறந்தா, "இணைய இணைப்பைச் சரிபார்த்து லாகின் செய்யவும்". யாருகிட்டப்பா சரிபார்க்க? டவரே படுத்துக் கிடக்கு! "இது நம்ம கேம்தானண்ணே?"ன்னு அவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஊரே சோத்துக்குத் தவிக்கும்போது கேம் ஒரு கவலையான்னு கேட்கலாம். கேளுங்க. ஆனா காசு வாங்கினவன் பொருளைக் கொடுத்தானா இல்லையாங்கிறது எந்த நாள்லயும் நியாயமான கேள்விதான்.

கடல் தாண்டி இலங்கைத் தமிழர்கள் நிலைமை இன்னும் மோசம். 'ஹெல்டைவர்ஸ் 2' 2024 பிப்ரவரியில் வந்தது. மூணு மாசம் கழிச்சு, கம்ப்யூட்டர்ல ஆடுறவங்களும் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைச்சே தீரணும்னு சோனி அறிவிச்சது. அந்தச் சேவை இலங்கை உட்பட நூத்துக்கும் மேற்பட்ட நாடுகள்ல அப்போ கிடையாது! அதாவது, உனக்கு வித்துட்டேன், காசும் வந்தாச்சு, ஆனா உன் நாடு எங்க பட்டியல்ல இல்லை. உலகம் பூரா திட்டித் தீர்த்ததும் மூணே நாள்ல பின்வாங்கினாங்க. இங்கயும் வேலை செஞ்சது சத்தம்தான்.

ஏடு யார் வீட்டுல இருந்தது?

"பழைய கேம் போனா போகட்டுமே, புதுசு வாங்கிக்க வேண்டியதுதானே?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். எங்க ஊர்க்காரன்கிட்ட கேட்கக்கூடாத கேள்வி இது.

உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். இங்கே கவிராயர்கள் வீட்டுல தேடித்தான் அவருக்கு ஏடு கிடைச்சது. 1889-ல் பத்துப்பாட்டு அச்சேறிச்சு. ஆத்துல விட்டது, தீயில போட்டது, கரையான் தின்னது எல்லாம் போக நமக்கு மிஞ்சினது எதனால? ஊர் ஊரா, வீடு வீடா ஆளுக்கொரு படி வச்சிருந்ததால. எழுதினவன் போயிட்டான், ஆதரிச்ச ராசா போயிட்டான், ஆனா படி வச்சிருந்த வீடு இருந்தது. ஒரே ஒரு அரண்மனையில மட்டும் வச்சுக்கிட்டு, படிக்க வர்றவனை வாசல்ல நிறுத்தி தினமும் அனுமதிச் சீட்டு கேட்டிருந்தா, அரண்மனை இடிஞ்ச அன்னிக்கே பாட்டும் போயிருக்கும்.

கார் பந்தய விளையாட்டும் பத்துப்பாட்டும் ஒண்ணான்னு சண்டைக்கு வராதீங்க. ஒண்ணுன்னு சொல்லல. எது நிலைக்கணும்னு முடிவு பண்ற உரிமையை வித்தவன்கிட்டயே விட்டா எதுவுமே நிலைக்காதுன்னுதான் சொல்றேன். கனடாவுல குடியேறின தமிழ்க் குடும்பத்தோட சமையலை வச்சு 2023-ல் வந்த 'வெண்பா', 2024-ல் பாஃப்டா விருது வாங்கிச்சு. டொரொன்டோவில் ஒரு சின்னக் குழு செஞ்சது. நம்ம அம்மாக்களோட இட்லியும் புட்டும் முதல்தடவையா அப்படி ஒரு கேமுல வந்திருக்கு. நல்லவேளை, அது எந்த சர்வரையும் நம்பி நிக்கிற கேம் இல்லை. நாளைக்கு நம்ம பிள்ளைங்க செய்யப்போற கேம் பெரிய கம்பெனி கையில மாட்டினா?

சரி, என்னதான் செய்யலாம்?

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கு. டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு"ன்னு பொத்தான் வச்சா, இது வெறும் உரிமம்தான்னு வாங்குறவனுக்குத் தெளிவாச் சொல்லணும். ஐரோப்பாவில் 12 லட்சத்துக்கும் மேல் செல்லுபடியான கையெழுத்து சேர்த்து ஐரோப்பிய ஆணையத்துகிட்ட கொண்டு போயிருக்காங்க. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல 2025 நவம்பரில் இதைப் பத்தி விவாதமே நடந்தது.

நம்ம ஊர்லயும் சட்டம் இல்லாம இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, "நியாயமற்ற ஒப்பந்தம்"னா என்னன்னு வரையறுக்குது. தகுந்த காரணம் இல்லாம ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடிச்சுக்க இடம் கொடுக்கிற நிபந்தனையும் அதுல வரும். நாம படிக்காமலே "ஏற்கிறேன்" அமுக்குற அம்பது பக்க ஒப்பந்தத்துல இருக்கிறது வேற என்னவாம்? நியாயமற்ற ஒப்பந்த வழக்கு மாநில ஆணையத்துக்குப் போகணும். சாதாரண சேவைக் குறைபாட்டுப் புகாரை நாம குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். அஞ்சு லட்சத்துக்கு உட்பட்டதுன்னா கட்டணமும் இல்லை. 1915-னு நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

நாம கேட்கிறது மூணே மூணுதான்:

1. வாடகைன்னா வாடகைன்னு சொல்லு. "வாங்கு"ன்னு போடாதே.
2. தனியா ஆடுற கேமுக்கு நெட் கேட்காதே.
3. மூடுறதுன்னா, ஆடுற நிலையில விட்டுட்டுப் போ. இல்லைன்னா காசைத் திருப்பிக் கொடு.

ப்ளேஸ்டேஷன் 5 வந்த புதுசுல சோனியோட பெரிய கேம் ஒண்ணு இந்தியாவுல 4,999 ரூபாய். எங்க பக்கம் ஒரு குடும்பத்துக்கு மாசத்து மளிகையே அதுல அடங்கிடும். அதைக் கொடுத்து ஒருத்தன் வாங்குறான்னா அது அவன் பொருள். நாளைக்கு அவன் பிள்ளை ஆடணும், விருப்பப்பட்டா பேரனும் ஆடணும். அதுவரைக்கும் புது கேமை முன்பதிவு பண்றதை நிறுத்துங்க. நெட் இல்லாம ஓடுமான்னு பார்த்துட்டு வாங்குங்க. ஓடாதுன்னா பர்ஸை மூடுங்க. அவங்களுக்குப் புரியிற பாஷை அது ஒண்ணுதான்.

டிஸ்கி: "லைசென்ஸ் அக்ரிமென்ட்ல எல்லாம் போட்டிருக்கே"ன்னு பின்னூட்டம் போடப்போறவங்க, தயவுசெஞ்சு கடைசியா வாங்கின கேமோட ஒப்பந்தத்தை முழுசாப் படிச்சுட்டு வாங்க. அடுத்த ஆடி அமாவாசைக்குள்ள முடிஞ்சுதுன்னா பேசலாம் :-) மத்தவங்க எல்லாம், உங்ககிட்டேர்ந்து எந்த கேமைப் பிடுங்கினாங்கன்னு எழுதிட்டுப் போங்க. கணக்கு எடுத்து வைப்போம்.